ஆன்டன் மையர்: பெரியம்மைத் தடுப்பூசியின் ஆபத்தை நீக்கிய கால்நடை மருத்துவப் பேராசிரியர்

வெண்ணாறு எழுதியது:

எம்பாக்ஸ் எனப்படும் குரங்கம்மைக்கு எதிராக இன்று உலகெங்கும் போடப்படும் தடுப்பூசியைப் பற்றிய செய்திகளில் அதைத் தயாரிக்கும் டென்மார்க் நிறுவனமான பவேரியன் நார்டிக்கின் பெயர் தவறாமல் வருகிறது. அந்த ஊசிக்குள் இருக்கும் வைரஸை உருவாக்கியவர் ஜெர்மனியின் மியூனிக் நகரைச் சேர்ந்த ஒரு கால்நடை மருத்துவப் பேராசிரியர் என்பது பெரும்பாலும் எங்கும் சொல்லப்படுவதில்லை. கால்நடை நுண்ணுயிரியல் கற்பிப்பவன் என்ற முறையில் அவரைப் பற்றித் தமிழில் ஒரு விவாதம் நடக்க வேண்டும் என்று விரும்பி இந்த இழையைத் தொடங்குகிறேன்.

ஆன்டன் மையர் 1922ஆம் ஆண்டு பவேரியாவில் பிறந்தவர், 2014இல் மறைந்தார். விலங்குகளின் வைரஸ் நோய்களே அவருடைய துறை. பன்றிகளைத் தாக்கி முடக்குவாதம் உண்டாக்கும் டெஷன் நோயின் வைரஸைத் திசு வளர்ப்பில் பெருக்கும் பணியில் 1950களில் ஈடுபட்டிருந்தார். 1963ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மியூனிக் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவப் புலத்தில் நுண்ணுயிரியல் மற்றும் தொற்றுநோய்த் துறைக்குத் தலைமை வகித்தார். மிஷாயேல் ரோலேயுடன் இணைந்து அவர் எழுதிய பாடநூலைத்தான் ஜெர்மன் மொழியில் கால்நடை மருத்துவம் படித்த பல தலைமுறை மாணவர்கள் படித்தார்கள்.

ஆனால் அவரைப் பற்றி இங்கே பேச வைப்பது எம்.வி.ஏ. என்ற வைரஸ்தான். 'மாற்றியமைக்கப்பட்ட வாக்சினியா அங்காரா' என்பது அதன் முழுப் பெயர். துருக்கியின் அங்காரா தடுப்பூசி நிலையத்தில் கழுதையிலும் கன்றிலும் மாற்றி மாற்றி வளர்க்கப்பட்டு வந்த, பெரியம்மைத் தடுப்பூசிக்குப் பயன்படும் ஒரு வாக்சினியா வைரஸ், 1950களில் மியூனிக்கிற்கு வந்து, முதலில் கருவுற்ற கோழிமுட்டையின் உட்சவ்வில் வளர்க்கப்பட்டது. மையர் 1958இல் அதை எடுத்துக் கோழிக் கருவின் நார்த்திசு உயிரணுக்களில் வளர்க்கத் தொடங்கினார். ஒரு குடுவையில் வளர்ந்த வைரஸில் சிறிது எடுத்து அடுத்த குடுவையில் இடுவது, அது வளர்ந்ததும் அதிலிருந்து எடுத்து அதற்கடுத்த குடுவையில் இடுவது என்று, ஆய்வகத்தில் பாசேஜ் என்று சொல்லப்படும் இந்த வேலையை 570 முறைக்கும் மேலாக அவருடைய குழு செய்து முடித்தது. முன்ஸ் என்பவருடன் அவர் 1964இல் வெளியிட்ட கட்டுரையிலேயே, 370 பாசேஜ்களைத் தாண்டியபோது வைரஸ் தன் இயல்பை இழந்து சாதுவாகியிருந்ததைப் பதிவு செய்துவிட்டார். அதற்குப் பிறகும் அவர் நிறுத்தவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

செங்காந்தள் எழுதியது:

ஐயா, இந்த இழையைத் தொடங்கியதற்கு நன்றி. பொதுச் சுகாதாரத்தில் பணியாற்றியவள் என்பதால், மையருக்கு முன்னால் இருந்த சிக்கல் எவ்வளவு பெரியது என்பதைச் சேர்க்க விரும்புகிறேன். ஏனென்றால் இன்றைய இளைஞர்கள் பெரியம்மை குத்துவதை ஆபத்தில்லாத ஒன்றாகவே நினைக்கிறார்கள்.

பழைய தடுப்பூசியில் இருந்தது உயிருள்ள வாக்சினியா வைரஸ். தோலைக் கீறி அம்மைப்பால் வைத்தால் அந்த இடத்தில் கொப்புளம் எழும்பி, புண்ணாகி, வடுவாக ஆறும். நம் வீட்டுப் பெரியவர்களின் மேற்கையில் இருக்கும் வட்ட வடு அதுதான். பெரும்பாலோருக்கு அதோடு முடிந்தது. ஆனால் கரப்பான் என்ற தோல் நோய் உள்ள குழந்தைக்கு உடல் முழுவதும் அந்த வைரஸ் பரவியது. நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவருக்குப் புண் ஆறாமல் உயிரையே குடித்தது. அரிதாகச் சிலருக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. முதன்முறையாக ஊசி பெற்ற பத்து லட்சம் பேரில் ஒருவரோ இருவரோ இறந்தார்கள் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. பெரியம்மை வீட்டு வாசலில் நிற்கும் நாட்டில் அது மிகச் சிறிய விலை. பெரியம்மையையே பார்த்திராத நாட்டில், நலமாக இருந்த குழந்தையை ஊசியால் இழந்த பெற்றோருக்கு அந்தக் கணக்கு எந்த ஆறுதலும் தராது.

ஜெர்மனியில் 1874ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அம்மை குத்துவது கட்டாயம். குழந்தைப் பருவத்தில் ஒரு முறையும் பன்னிரண்டு வயதில் இன்னொரு முறையும் குத்தினார்கள். அந்த முதல் ஊசியைத் தவறவிட்டு, வளர்ந்தபின் பெறும் பிள்ளைகளுக்கு மூளைக்காய்ச்சல் அபாயம் கூடுதலாக இருந்தது. ஊசியே வேண்டாம் என்று விட்டுவிடவும் முடியவில்லை. 1970இல் பாகிஸ்தானிலிருந்து திரும்பிய ஒரு இளைஞர் வழியாக மெஷெடே என்ற ஊரின் மருத்துவமனையில் நோய் பரவியது. அவரைச் சேர்த்து 20 பேர் பாதிக்கப்பட்டு 4 பேர் இறந்தார்கள். அவருடைய அறைக்குள் நுழையாதவர்களுக்கும், மேல் மாடிகளில் இருந்தவர்களுக்கும்கூடக் காற்று வழியாகத் தொற்றியது. விமானப் பயணம் பெருகிவிட்ட காலத்தில் எந்த நாடும் தன்னைக் காப்பாற்றப்பட்டதாக எண்ண முடியாது என்பதை அது காட்டியது. மையரின் வைரஸுக்கு இடம் இருந்தது இந்த இரண்டு அச்சங்களுக்கும் நடுவில்தான்.

பாலாற்றங்கரை எழுதியது:

களத்தில் பணியாற்றும் கால்நடை மருத்துவனாக எனக்கு ஒரு கேள்வி. 370 பாசேஜில் வைரஸ் சாதுவாகிவிட்டது என்றால், 570 வரை ஏன் போக வேண்டும்? அத்துடன், உண்மையில் அந்த வைரஸுக்குள் என்ன நடந்தது? கோழி உயிரணுவில் பழகியதால் மனித உயிரணுவை மறந்துவிட்டது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அது எனக்குப் போதுமான விளக்கமாகத் தெரியவில்லை.

வெண்ணாறு எழுதியது:

இரண்டு கேள்விகளும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. மையர் இந்த வேலையைத் தொடங்கியபோது வைரஸின் மரபணு வரிசையைப் படிக்கும் வசதி உலகில் எங்கும் இல்லை. வைரஸ் மாறியிருக்கிறதா என்பதை அது உண்டாக்கும் விளைவைக் கொண்டே அறிய முடிந்தது. முட்டைச் சவ்வில் அது எழுப்பும் கொப்புளத்தின் தோற்றம், முயலின் தோலில் அதன் எதிர்வினை, பிறந்த எலிக்குஞ்சின் மூளையில் செலுத்தினால் குஞ்சு பிழைக்கிறதா என்பது போன்ற அடையாளங்களை ஒவ்வொரு கட்டத்திலும் சோதித்துக்கொண்டே போனார்கள். ஒரு கட்டத்தில் சாதுவாகத் தெரிந்த வைரஸ் விலங்கின் உடலுக்குள் போனதும் பழைய வீரியத்துக்குத் திரும்பிவிடுவது தடுப்பூசி வரலாற்றில் பலமுறை நடந்திருக்கிறது. கால்நடை மருத்துவருக்கு அந்தப் பயம் நன்றாகவே தெரியும். வீரியம் திரும்பிய ஊசி ஒரு மாட்டோடு நிற்காமல் மந்தை முழுவதையும் கெடுத்துவிடும். ஆகவே மாற்றம் நிலைத்துவிட்டது என்று உறுதியாகும் வரை தொடர்வதுதான் அவருக்கு இயல்பான வழியாக இருந்திருக்கும் என்று நான் கருதுகிறேன்.

உள்ளே என்ன நடந்தது என்பது 1991இல்தான் தெளிவாகத் தெரிந்தது. ஹெர்மன் மேயர், கெர்ட் சுட்டர் ஆகியோருடன் மையர் வெளியிட்ட ஆய்வில், மூல வைரஸோடு ஒப்பிடும்போது எம்.வி.ஏ. தன் மரபுத்தொகுதியில் ஏறத்தாழ 30,000 கார இணைகளை (மரபுக் குறியீட்டின் எழுத்துகளை), அதாவது சுமார் 15 விழுக்காட்டை, ஆறு பெரிய இடங்களில் இழந்திருந்தது கண்டறியப்பட்டது. கோழி உயிரணுவில் வாழ்வதற்குத் தேவைப்படாத மரபணுக்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துவிட்டன. அவற்றில் பல, பாலூட்டிகளின் எதிர்ப்பாற்றலை ஏமாற்றவும், பல்வேறு விலங்குகளின் உயிரணுக்களில் பெருகவும் வைரஸுக்கு உதவியவை. ஒரு எழுத்து மாறியிருந்தால் அது திரும்பவும் மாறக்கூடும். பக்கம் பக்கமாகக் கிழிந்து போனதை வைரஸ் தானாக மீட்டுக்கொள்ள வழியில்லை.

தங்கள் ஐயத்துக்கு நேரான விடை இதுதான்: எம்.வி.ஏ. மனித உயிரணுவுக்குள் நுழைகிறது. தன் புரதங்களையும் உற்பத்தி செய்கிறது. ஆனால் கடைசிக் கட்டத்தில் முழுமையான புதிய வைரஸாகக் கட்டமைந்து வெளியேற அதனால் முடிவதில்லை. அதனால் எதிர்ப்பாற்றலுக்கு அடையாளம் காட்ட வேண்டிய அனைத்தும் உடலுக்குக் கிடைத்துவிடுகின்றன, தொற்று மட்டும் அடுத்த உயிரணுவுக்குப் பரவுவதில்லை. கொல்லப்பட்ட வைரஸால் செய்ய முடியாததை அது செய்கிறது. உயிருள்ள வைரஸால் வரும் ஆபத்தைத் தவிர்க்கிறது.

செங்காந்தள் எழுதியது:

மனிதர்களிடம் அதைக் கொண்டு சேர்த்ததில் ஹெல்முட் ஷ்டிக்கலின் பங்கை விட்டுவிடக் கூடாது. பவேரிய மாநிலத் தடுப்பூசி நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்த மருத்துவர் அவர். கால்நடைப் பேராசிரியர் ஒருவர் கோழிக் கருவில் வளர்த்த வைரஸை மனிதக் குழந்தைக்குப் போடலாம் என்று நம்பி முன்வந்தவர்.

அவர்கள் கையாண்ட முறை நிதானமானது. பழைய ஊசியை ஒரேயடியாக நீக்காமல், முதலில் எம்.வி.ஏ.யைத் தோலுக்குள் செலுத்தி உடலைத் தயார்ப்படுத்திவிட்டு, அதன் பிறகு வழக்கமான அம்மைப்பாலை வைத்தார்கள். முதல் ஊசி ஓரளவு எதிர்ப்பாற்றலைக் கொடுத்துவிடுவதால் இரண்டாவது ஊசியின் எதிர்வினை தணிந்திருக்கும். 1974இல் இந்த இருகட்ட முறையைப் பற்றிய விரிவான அறிக்கை வெளிவந்தது. மொத்தத்தில் 1,20,000க்கும் மேற்பட்டவர்கள் எம்.வி.ஏ. பெற்றார்கள், அவர்களில் கரப்பான் உள்ளவர்களும், பழைய ஊசியைப் பெறத் தகுதியற்றவர்கள் என்று விலக்கப்பட்ட குழந்தைகளும் இருந்தார்கள். கடுமையான பக்கவிளைவு எதுவும் பதிவாகவில்லை.

ஆனால் அவர்களுடைய வெற்றி மிகவும் தாமதமாக வந்தது. இந்தியாவில் பெரியம்மையின் கடைசி நோயாளி 1975 மே மாதத்தில் கண்டறியப்பட்டார். 1977இல் சோமாலியாவில் இயற்கையாகப் பரவிய கடைசித் தொற்று. 1980இல் உலகச் சுகாதாரச் சபை நோய் ஒழிந்ததாக அறிவித்தது. ஊசி தயாரானபோது நோய் இல்லை. எம்.வி.ஏ. பெற்ற ஒருவர்கூடப் பெரியம்மையை நேரில் எதிர்கொள்ளவில்லை என்பதால், பெரியம்மையைத் தடுக்கும் அதன் ஆற்றல் களத்தில் நிறுவப்படாமலே போயிற்று. இதை மையரின் புகழுக்குக் குறையாக நான் சொல்லவில்லை. ஆனால் எம்.வி.ஏ.யைப் பற்றி எழுதும் எவரும் பாதுகாப்பையும் ஆற்றலையும் தனித்தனியாகப் பேச வேண்டும்; முதலாவதற்கு வலுவான சான்று அன்றே இருந்தது, இரண்டாவதற்கு விலங்குச் சோதனைகளும் எதிர்ப்புரத அளவுகளுமே சான்றாக இருந்தன.

பாலாற்றங்கரை எழுதியது:

அம்மா சொன்னது மிகச் சரி. அதே அளவுகோலை மையரின் இன்னொரு பெரிய கருத்துக்கும் பயன்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தம் வாழ்வின் பிற்பகுதியில் அவர் அதிகம் வாதாடியது எம்.வி.ஏ.வுக்காக அல்ல; 'பாராமுனிட்டி' என்று அவர் பெயரிட்ட கொள்கைக்காக. குறிப்பிட்ட நோய்க்கு எதிரான எதிர்ப்பாற்றல் உருவாகச் சில வாரங்கள் ஆகும். அதற்கு முன்பே உடலின் பொதுவான, பிறவியிலேயே அமைந்த எதிர்ப்பாற்றலைச் சில மணி நேரங்களில் தூண்டிவிட முடியும் என்பது அதன் சாரம். செயலிழக்கச் செய்த அம்மை வகை வைரஸ்களை இதற்குப் பயன்படுத்தினார். ஆடுகளின் வாயைச் சுற்றிப் புண் உண்டாக்கும் ஆர்ஃப் நோயின் வைரஸிலிருந்து, டி1701 என்ற வகையைக் கொண்டு தயாரித்த ஊசி மருந்து விற்பனைக்கே வந்தது. வண்டியில் ஏற்றி நெடுந்தூரம் கொண்டுசெல்லப்படும் கன்றுகள், ஒரே கொட்டகையில் புதிதாகச் சேர்க்கப்படும் குதிரைகள், நாய்க்குட்டிகள் ஆகியவற்றுக்கு அதைப் பயன்படுத்தினார்கள்.

ஆனால் அதன் பலன் சோதனைக்குச் சோதனை மாறியது. சில ஆய்வுகளில் சுவாச நோய் குறைந்தது. சிலவற்றில் ஊசி போட்ட விலங்குக்கும் போடாத விலங்குக்கும் வேறுபாடு இல்லை. இந்தக் கொள்கையை ஏற்கத் தயங்கிய துறை வல்லுநர்கள் பலர். எம்.வி.ஏ.யின் வெற்றியைக் காட்டி பாராமுனிட்டியையும் நிறுவப்பட்ட உண்மையாகக் கருதுவது நமக்கு ஏற்றதல்ல.

வெண்ணாறு எழுதியது:

இதில் தங்களோடு பெருமளவு உடன்படுகிறேன். எனினும் ஒரு வேறுபாட்டைச் சுட்ட வேண்டும். பிறவி எதிர்ப்பாற்றல் என்பது 1970களில் நோயெதிர்ப்பியலின் ஓரத்தில் கிடந்தது. எதிர்ப்புரதங்களும் டி உயிரணுக்களும் மட்டுமே அறிஞர்களின் கவனத்தில் இருந்தன. வைரஸை உணரும் ஏற்பிகளைப் பற்றிய அறிவு 1990களின் இறுதியில்தான் திரண்டது. இன்று திரும்பிப் பார்க்கையில், செயலிழந்த அம்மை வைரஸ், வைரஸ் பெருக்கத்தைத் தடுக்கும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தையும் இயற்கைக் கொல்லி உயிரணுக்களையும் தூண்டுகிறது என்ற அவருடைய அடிப்படைக் கவனிப்பு சரியானதே. அந்தத் தூண்டுதல் கொட்டகையில் ஒரு கன்றை நோயிலிருந்து எந்த அளவு காக்கும் என்பதில்தான் அவர் சான்றுக்கு மிஞ்சிய நம்பிக்கை வைத்தார் என்பது என் கணிப்பு.

அதோடு அந்த டி1701 வைரஸ் வீணாகிவிடவில்லை. ட்யூபிங்கன் நகரில் அதன் வழிவந்த ஒரு வகையை, வேறு நோய்களின் மரபணுக்களைச் சுமந்து செல்லும் தடுப்பூசி ஊர்தியாக உருவாக்கும் ஆய்வுகள் நடைபெறுகின்றன. எம்.வி.ஏ.வுக்கு நேர்ந்ததும் இதுவே. 1992இல் சுட்டரும், அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த பெர்னார்ட் மாஸும், மனித உயிரணுவில் பெருகாத இந்த வைரஸ் தனக்குள் செருகப்பட்ட அந்நிய மரபணுவைத் திறம்பட வெளிப்படுத்துகிறது என்று காட்டினார்கள். ஓய்வுக்குப் போன ஒரு பெரியம்மைத் தடுப்பூசி, காசநோய், மலேரியா, எய்ட்ஸ், எபோலா என்று பல நோய்களுக்கான முயற்சிகளின் அடித்தளமாக மாறியது அந்தக் கட்டுரைக்குப் பிறகுதான்.

மாசிப்பனி எழுதியது:

வணக்கம். நான் சட்டம் படித்தவள். அறிவியல் விவரங்களை இங்கே படித்தே அறிகிறேன். பொதுப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் செலவிட்டு உருவாக்கிய ஒரு வைரஸ் இன்று ஒரு நிறுவனத்தின் கையில் இருக்கிறதே, அது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எழவே இல்லையா?

செங்காந்தள் எழுதியது:

எழுந்தது, வழக்காகவும் ஆனது. மையர் தம் வைரஸை மற்ற ஆய்வகங்களுக்குத் தாராளமாகக் கொடுத்துவந்தார். 572, 575 என்று பாசேஜ் எண்ணிட்ட வைரஸ்கள் ஐரோப்பிய உயிரணுச் சேமிப்பகத்திலும் வைக்கப்பட்டுள்ளன. 1994இல் நிறுவப்பட்ட பவேரியன் நார்டிக் நிறுவனம் மையரோடு இணைந்து அதிலிருந்து தனக்கென ஒரு வகையைத் தூய்மைப்படுத்தி எடுத்தது. 2001இல் அமெரிக்காவில் நடந்த தாக்குதல்களுக்குப் பிறகு, பெரியம்மையை யாரேனும் ஆயுதமாக்கிவிடுவார்களோ என்ற அச்சத்தில் அந்நாட்டு அரசு பாதுகாப்பான ஊசியைத் தேடியது. பவேரியன் நார்டிக், அகாம்பிஸ் என்ற இரண்டு நிறுவனங்களுக்கும் 2003இல் ஒப்பந்தம் கிடைத்தது. அகாம்பிஸ் பயன்படுத்திய வைரஸும் மையர் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்களுக்கு அனுப்பிய மாதிரியின் வழி வந்ததே. தன் காப்புரிமையும் உடைமையும் மீறப்பட்டதாகப் பவேரியன் நார்டிக் 2005இல் அமெரிக்கப் பன்னாட்டு வணிக ஆணையத்தில் முறையிட்டது. 2007இல் இரு நிறுவனங்களும் சமரசம் செய்துகொண்டன.

என் கருத்தைக் கேட்டால், அவர் பகிர்ந்து கொடுத்திராவிட்டால் 1992ஆம் ஆண்டுக் கட்டுரையும் அதன் பின் நடந்தவையும் இவ்வளவு விரைவாக நிகழ்ந்திருக்காது. பகிர்ந்ததால்தான் வழக்கும் வந்தது. அதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பொதிகைத்தென்றல் எழுதியது:

இந்த வரலாற்றில் சென்னைக்கும் ஒரு இடம் உண்டு என்பதால் எழுதுகிறேன். சேத்துப்பட்டில் இருக்கும் காசநோய் ஆராய்ச்சி மையத்தில் 2006இல் தொடங்கிய எச்.ஐ.வி. தடுப்பூசியின் முதற்கட்டச் சோதனை, மையரின் எம்.வி.ஏ.யை ஊர்தியாகக் கொண்டதுதான். இந்தியாவில் அதிகம் காணப்படும் சி வகை எச்.ஐ.வி.யின் மரபணுக்களை அதில் செருகியிருந்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு, பன்னாட்டு எய்ட்ஸ் தடுப்பூசி முன்முயற்சி ஆகியவை இணைந்து நடத்திய அந்தச் சோதனைக்கு 32 தன்னார்வலர்கள் முன்வந்தார்கள். எச்.ஐ.வி. என்ற சொல்லைக் கேட்டாலே அக்கம்பக்கத்தார் விலகிப்போன அந்தக் காலத்தில், நலமாக இருந்த ஆண்களும் பெண்களும் இதற்குக் கை நீட்டினார்கள் என்பதை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். ஊசி பாதுகாப்பானது என்று தெரிந்தது, எதிர்ப்பாற்றலும் உருவானது. பின்னர் டி.என்.ஏ. ஊசியை முதலில் போட்டு இதைத் தொடர்ந்து போடும் சோதனை சென்னையிலும் புனேயிலும் நடந்தது. எனினும் அது நோயைத் தடுக்குமா என்று பார்க்கும் பெரிய சோதனை வரை போகவில்லை.

கிண்டி கிங் நிலையத்தில் கன்றுகளைக் கொண்டு அம்மைப்பால் தயாரித்த நகரம் இது. அந்தப் பழைய வாக்சினியாவின் உறவுக்கார வைரஸ் ஒன்று, வேறொரு நோயைத் தேடி இதே நகரத்துக்கு வந்திருக்கிறது.

பாலாற்றங்கரை எழுதியது:

ஊர்தியாக எம்.வி.ஏ. எங்கேனும் உண்மையில் வென்றிருக்கிறதா, அல்லது எல்லாமே பாதுகாப்பானது என்ற அளவில் நின்றுவிட்டதா?

வெண்ணாறு எழுதியது:

தோல்வியை முதலில் சொல்கிறேன். ஆக்ஸ்ஃபோர்டில் உருவான எம்.வி.ஏ. அடிப்படையிலான காசநோய்த் தடுப்பூசி, தென்னாப்பிரிக்காவில் ஏறத்தாழ 2,800 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. வழக்கமான காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. மட்டும் பெற்றவர்களைக் காட்டிலும் குறிப்பிடத்தக்க கூடுதல் பாதுகாப்பு கிடைக்கவில்லை என்று 2013இல் முடிவு வெளிவந்தது. அதன் பிறகு, இரண்டாவது ஊசியாக எம்.வி.ஏ.யைப் பயன்படுத்தும் எபோலாத் தடுப்பூசிக்கு 2020இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒப்புதல் அளித்தது.

எம்.வி.ஏ. தானே தடுப்பூசியாக நின்ற இடத்தில்தான் அதன் உண்மையான வெற்றி. பெரியம்மைக்கு எதிராக ஐரோப்பாவில் 2013இலும், பெரியம்மை, குரங்கம்மை இரண்டுக்கும் எதிராக அமெரிக்காவில் 2019இலும் ஒப்புதல் பெற்றது. 2022இல் எம்பாக்ஸ் பல நாடுகளில் பரவியபோது, செங்காந்தள் அம்மா குறிப்பிட்ட அந்த வெற்றிடம் ஓரளவு நிரம்பியது. ஒரு தவணை பெற்றவர்களைவிட இரண்டு தவணை பெற்றவர்களுக்குப் பாதுகாப்பு அதிகம் என்று களத்திலிருந்து வந்த ஆய்வுகள் காட்டின. எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களுக்கும் அதைப் போட முடிந்தது. பழைய அம்மைப்பாலை அவர்களுக்கு நினைத்துக்கூடப் பார்த்திருக்க முடியாது. மையர் மறைந்து எட்டு ஆண்டுகள் கழித்து, அவருடைய வைரஸ் முதன்முறையாகப் பெரிய அளவில் ஓர் அம்மை வைரஸை மனிதர்களிடையே நேருக்கு நேர் சந்தித்தது.

மாசிப்பனி எழுதியது:

இவ்வளவு தேவைப்படும் ஊசி ஆப்பிரிக்காவுக்கு ஏன் போதிய அளவில் போய்ச் சேரவில்லை? தயாரிப்பதில் சிக்கலா, விலையில் சிக்கலா?

வெண்ணாறு எழுதியது:

இரண்டும் உண்டு. விலையைப் பற்றி மற்றவர்கள் எழுதலாம்; தயாரிப்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மையர் தேர்ந்தெடுத்த கோழிக் கரு உயிரணுவிலேயே இந்த வைரஸ் இன்றும் வளர்க்கப்படுகிறது. மனித உயிரணுவில் பெருகாது என்ற அதே குணம், அதை வளர்க்கக்கூடிய உயிரணுக்களின் பட்டியலையும் சுருக்கிவிட்டது. குறிப்பிட்ட நோய்க்கிருமிகள் எதுவும் இல்லை என்று சான்றளிக்கப்பட்ட கோழிப் பண்ணையின் முட்டைகள் ஒவ்வொரு தொகுதிக்கும் தேவை. கருவைப் பிரித்தெடுத்து உயிரணுக்களைப் புதிதாக வளர்க்க வேண்டும். இதற்கு மாற்றாக, பெர்லினில் வாத்து உயிரணுவிலிருந்து தொடர்ந்து பெருகும் உயிரணு வரிசையை உருவாக்கி, அதில் எம்.வி.ஏ.யை வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் 2024 செப்டம்பரில் இந்தத் தடுப்பூசிக்கு முன்தகுதிச் சான்று அளித்தது. அதே ஆண்டு நவம்பரில், தயாரிப்புத் தொழில்நுட்பத்தைப் புனேயிலுள்ள சீரம் நிறுவனத்துக்கு வழங்குவதற்கான உடன்பாட்டைப் பவேரியன் நார்டிக் அறிவித்தது. அந்தத் தொழில்நுட்பம் இங்கே நிலைகொள்ளுமானால், நோய்க்கிருமியற்ற முட்டைப் பண்ணைகளை நடத்தவும், கருக்களைச் சோதிக்கவும், ஒவ்வொரு தொகுதியையும் சரிபார்க்கவும் கோழி நோய்களை அறிந்த கால்நடை மருத்துவர்கள் அங்கே கட்டாயம் தேவைப்படுவார்கள். எங்கள் மாணவர்களில் ஆர்வமுள்ளவர்களை இந்தத் திசையில் இப்போதே தயார்ப்படுத்த வேண்டும் என்று துறைக்கு எழுதியிருக்கிறேன். பாலாற்றங்கரை ஐயாவைப் போன்ற களப் பணியாளர்களும் இதைப் பற்றித் தங்கள் கருத்துகளை இங்கே எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.